இங்கினியாகலையில் தண்ணீர் இருந்தது

கல்முனைக்குடியில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது மலைத் தண்ணீர் என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பாடசாலையின் மேல்மாடியில் நின்றால் கிழக்கே கடல் தெரியும். மேற்கே வீட்டுக் கூரைகள், பள்ளிவாசல் மினாராக்கள், அதற்கப்பால் வயல். மலை எங்கே இருக்கிறது? மழை விட்டு வானம் தெளிந்த சில காலைகளில் மட்டும் வயலின் விளிம்பில் நீலமாக ஒரு கோடு தெரியும். அதைக் காட்டினால், "டீச்சர், அது மேகம்" என்பார்கள்.

நான் புவியியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் அந்தப் படத்தை வரைவேன். வலது ஓரத்தில் கடல். அதை ஒட்டி மணல் மேடு, அதன்மேல் நெருக்கியடித்துக்கொண்டு நம்முடைய ஊர்கள். மேட்டுக்குப் பின்னால் தாழ்ந்த நிலம், வயல், சம்மாந்துறை, இன்னும் வயல். பிறகு நிலம் மெல்ல மெல்ல உயரும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கருங்கல் மலைகள் எழும்பும். இடது ஓரத்தில் மடுல்சீமைப் பக்கத்து உயர்ந்த மலைகள். அந்தப் பக்கம் பிறக்கும் கல்லோயா ஆறு, தாழ்ந்த மலைத்தொடர்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி, இங்கினியாகலையில் இரண்டு குன்றுகளுக்கிடையே இருந்த ஒடுங்கிய வாசலால் வெளியே வந்தது. அந்த வாசலைத்தான் அணை போட்டு அடைத்தார்கள். பின்னாலிருந்த பள்ளத்தாக்கு முழுவதும் குளமானது. மலைகளுக்கிடையே ஓடிய சிற்றாறுகளின் வழியெல்லாம் தண்ணீர் புகுந்து நின்றதால், படத்தில் அது விரல்களை விரித்துவைத்த கை போல இருக்கும்.

"ஏன் டீச்சர் அவடத்த மட்டும் அணை கட்டின?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். வாசல் சின்னது, வீடு பெரியது, அதனால்தான் என்பேன். அந்தப் பதில் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அத்தோடு பாடம் முடிந்துவிடும்.

அந்தக் குளத்தைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் அண்ணனை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை. வாப்பாவின் காணி சம்மாந்துறைக்கு மேற்கே, வீரமுனைக்குப் போகும் பக்கத்து வட்டையில், ஒரே வாய்க்காலில் பாயும் வயல்வெளியில், இருக்கிறது. வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு என் பங்கையும் சேர்த்து அவர்தான் செய்து வந்தார். எங்கள் வட்டை வாய்க்காலின் கடைசி. மேலே உள்ளவர்களெல்லாம் பாய்ச்சிய பிறகு மிஞ்சுவதுதான் எங்களுக்கு வரும். ஆனால் எல்லா வருடமும் ஏதோ ஒரு மாதிரி வந்துகொண்டுதான் இருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு காக்காவை அந்த வட்டையின் விவசாயிகள் தங்கள் அமைப்புக்குத் தலைவராக்கினார்கள். அவருக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்து முடிந்திருந்த நேரம் அது. மகன் கட்டாருக்குப் போய்விட்டான். மதினி, "இதெல்லாம் இப்ப ஒங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டார். காக்கா அன்றிலிருந்து வெள்ளைச் சேர்ட்டை இஸ்திரி போட்டுத்தான் வட்டைக்குப் போனார். தன்னை ஒருவரும் எதற்கும் தலைவராக்கியதில்லை என்று என்னிடம் ஒரு முறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த வருடச் சிறுபோகத்துக்கு, கோடைப் பயிருக்கு, முந்திய கூட்டத்தில் அதிகாரிகள் தெளிவாகத்தான் சொன்னார்களாம். குளத்தில் தண்ணீர் நடுத்தரமாக இருக்கிறது, மலையில் மழை விழுந்தால் எல்லோருக்கும் போதிய அளவு காணும், விழாவிட்டால் கடைசி வட்டைகளுக்குச் சிரமம் என்று. எங்கள் வயல் வரம்புக்கு அடுத்த வரம்புக்காரர் வீரமுனைக் கோயிலடியைச் சேர்ந்தவர். காக்காவைவிட வயதில் இளையவர், நிதானமானவர். அவர் எழும்பி, "காக்கா, பாதியத்தான் விதைப்பம். மிச்சத்த மழையப் பாத்துச் செய்வம்" என்றார்.

காக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "பாதிய விதைச்சா யார்ர காணிய விடுற? நீங்களே செல்லுங்க. எவன்ட காணிய நான் விடச் செல்ற? விதைச்சா எல்லாரும் விதைப்பம். தண்ணி வரும். வராட்டி நான் போய்க் கொண்டு வாறன்."

எல்லோரும் கை தட்டினார்கள். வீரமுனைக்காரரும் கடைசியில் கை உயர்த்தினார். முழு வட்டையும் விதைத்தார்கள்.

மழை வரவில்லை. கச்சான் காற்று வந்தது. மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று எங்கள் ஊரில் கதவு நிலைகளையே வெடிக்க வைக்கும். அந்த வருடம் அது வழமையைவிட முந்தி வந்து, நிற்காமல் வீசியது. வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து விடப்பட்டது. பிறகு முறைகளுக்கு இடையில் இடைவெளி கூடியது. பிறகு எங்கள் முறை வந்தபோது, வாய்க்காலின் அடியில் ஒரு பாம்பு போகுமளவுக்கு ஈரம் ஊர்ந்து வந்து, எங்கள் மதகுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

நெல் அப்போது குடலை. கதிர் வெளியே வராமல் தோகைக்குள் கருவாக இருக்கும் காலத்தை அப்படிச் சொல்வார்கள். அந்த நேரத்தில் தண்ணீர் தப்பினால், கதிர் வரும், ஆனால் பதராகத்தான் வரும்.

ஒரு நாள் காலை காக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நாளைக்கு இஸ்கூலுக்கு லீவு போடு புள்ள. நாங்க இங்கினியாகலைக்குப் போறம். பெரிய எஞ்சினியரச் சந்திக்க."

"நான் எதுக்கு காக்கா?"

"ஒனக்குத்தானே அவங்கட பாசை தெரியும். நாங்க போய் ஊமையன் மாதிரி நிண்டுட்டு வாறதா?"

எனக்குச் சிங்களம் தெரியும் என்பது உண்மைதான். நான் சிறுமியாக இருந்தபோது வாப்பா அம்பாறை நகரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி விளையாடியே அந்த மொழி எனக்கு வந்தது. நாடு குழம்பியபோது கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டோம். காக்கா அப்போதே வட்டையில் நின்றவர். அவருக்கு "கொஹொமத" என்று சுகம் கேட்பதற்கு மேல் ஒன்றும் வராது.

மறுநாள் ஒரு வேனில் போனோம். காக்கா, வீரமுனைக்காரர், வட்டையைச் சேர்ந்த இன்னும் சிலர், நான். மதினி புட்டும் பொரித்த மீனும் பெரிய பார்சலாகக் கட்டித் தந்திருந்தார். வேனில் முதலில் எல்லோரும் கலகலப்பாகப் பேசினார்கள். காக்கா அவர்களுக்கு, என்ன கேட்க வேண்டும், யார் முதலில் கதைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அம்பாறையைத் தாண்டியதும் பேச்சு குறைந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் வயல் பச்சையாக இருந்தது. எங்களுக்கு முந்தி விதைத்து, எங்களுக்கு முந்தித் தண்ணீர் பெற்றவை. சில இடங்களில் கதிர் பழுத்துச் சாய்ந்திருந்தது. பெரிய வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சிங்களப் பெண் வாய்க்கால் படியில் இரண்டு சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். காக்கா வேனை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்க் கரையில் நின்று ஓட்டத்தைப் பார்த்தார். ஒரு காய்ந்த இலையைப் போட்டு, அது போகிற வேகத்தைப் பார்த்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு வந்து ஏறினார்.

"ஓட்டம் நல்லாத்தான் இரிக்கி" என்றார்.

நிலம் எப்போது ஏறத் தொடங்குகிறது என்பது வேனில் இருந்தால் தெரியாது. வேனின் சத்தம்தான் மாறும். பிறகு ஒரு வளைவில் கருங்கல் மலை ஒன்று, மரமே இல்லாமல், திடீரென்று ரோட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதற்குப் பின்னால் இன்னொன்று. நான் பலகையில் கோடு கோடாக வரைகிற உயரங்கள் இவை. கீழே இருக்கும் எங்களுக்கும் இந்தக் கற்களுக்கும் இத்தனை நெருங்கிய சம்பந்தம் இருப்பதை எண்ணி எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அணையில் ஏறியபோது முதலில் காற்றுதான் முகத்தில் அடித்தது. பிறகு குளம் தெரிந்தது.

பாடசாலைச் சுற்றுலாவில் பிள்ளைகளோடு நான் வந்திருந்தபோது அது நிறைந்திருந்தது. மலைகளின் அடிவாரம் வரை தண்ணீர். தீவுகள் போலக் குன்றுகள். இப்போது தண்ணீருக்கும் காட்டுக்கும் இடையில் சுற்றி வர ஒரு செம்மண் பட்டை. அதில் எப்போதோ மூழ்கிச் செத்த மரங்களின் அடிக்கட்டைகள் கறுப்பாக நின்றன. நான் விரல்கள் என்று வரையும் இடங்களில் தண்ணீரே இல்லை. தூரத்தில், ஒரு காலத்தில் தீவாக இருந்த குன்றுக்கு யானைகள் நடந்து போயின. அவற்றுக்கும் பின்னால் மலைத்தொடர் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக, கடைசி அடுக்கு வானத்தின் நிறத்திலேயே நின்றது. அதன்மேல் ஒரு மேகமும் இல்லை.

ஆனால் நடுவில் தண்ணீர் இருந்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. வெயிலில் மின்னிக்கொண்டு, எங்கள் வட்டையைப் போலப் பல மடங்கு அகலத்தில் தண்ணீர் கிடந்தது.

"அல்லாஹ்!" என்றார் காக்கா. "இவ்வளவு தண்ணி இரிக்கி!"

எஞ்சினியர் அணைக்கே வந்தார். நாங்கள் ஒரு கிழவரை எதிர்பார்த்திருந்தோம். அவர் என் மூத்த மகளின் வயதுக்காரராக இருந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. நான் சிங்களத்தில் பேசத் தொடங்கியதும் அவருக்கு ஆறுதலாக இருந்ததைக் கண்டேன். எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை. அவர் கோபப்படுகிற, கதவைச் சாத்துகிற ஆளாக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

காக்கா தொடங்கினார். வேனில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. "சேர், குடலை சேர்" என்றார். "ஒரு முறை. ஒரேயொரு முறை தண்ணி தந்தாக் காணும். கதிர் வெளிய வந்தாச் சரி. மறுகா நாங்க கேக்கமாட்டம்."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். குடலைக்கு அந்த மொழியில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நெல் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறது என்றேன். அவருக்கு விளங்கியது.

அவர் எங்களை அணையின் ஓரத்துக்குக் கூட்டிப்போய், தண்ணீருக்குள் நின்ற அளவுகோல் தூணைக் காட்டினார். மதகின் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று காட்டினார். அந்த மட்டத்துக்குக் கீழே கிடக்கிற தண்ணீர், கதவை முழுதாகத் திறந்தாலும் வெளியே வராது. மட்டத்துக்கு மேலே இருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும், வழியில் நாங்கள் கண்ட வாய்க்கால் ஓட்டமும் குடிதண்ணீருக்கு. அம்பாறைக்கு, சம்மாந்துறைக்கு, கல்முனைக்கு. மாரி மழை வரும்வரை அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

"உங்கள் வீட்டுக் குழாய்க்கும் இதுதான் மிஸ்" என்றார் என்னிடம்.

நான் தமிழில் சொன்னேன். வீரமுனைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். காக்கா மட்டும் என்னையே பார்த்தார்.

"வேற மாதிரிச் செல்லு. குடிக்கிற தண்ணியில நாங்க கொள்ளையடிக்க வரல்ல எண்டு செல்லு. ஒரு முறைக்குக் கொஞ்சம். அவருக்கு ஏலும். அவர்ர கையிலதானே மதகுத் தெறப்பு இரிக்கி."

சொன்னேன். எஞ்சினியர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "பே, மிஸ். பே."

"என்ன செல்றார்?"

"ஏலாதாம் காக்கா."

"திரும்பக் கேளு."

திரும்பக் கேட்டேன். இந்த முறை அவர் நீளமாகச் சொன்னார். இப்போது திறந்துவிட்டாலும், எங்கள் பக்கத்துக் கிளை வாய்க்கால்கள் காய்ந்து வெடித்திருப்பதால் பாதி வழியிலேயே குடித்துவிடுமாம். கடைசி வட்டைக்கு வந்து சேருகிற அளவு விட வேண்டுமென்றால், இருப்பதெல்லாம் போய்விடுமாம். தன்னுடைய அம்மாவின் ஊர் அதோ அந்த மலைச் சரிவில் என்று விரலால் காட்டினார். அங்கே கிணறுகளே வற்றிவிட்டன, அம்மா ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் மழை இல்லை மழை இல்லை என்று மட்டும் சொல்கிறார் என்றார். அங்கே விழுந்தால்தான் இங்கே வரும்.

அத்தனையையும் நான் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் காக்கா கேட்டார்:

"நீ கெஞ்சிக் கேட்டியா?"

"கேட்டன் காக்கா."

"இல்ல. நீ டீச்சர் மாதிரிக் கேக்கிறா. பிள்ளைகள்ட பாடம் கேக்கிற மாதிரிக் கேக்கிறா. கெஞ்சல்ல."

அங்கே நின்ற ஆண்களுக்கு நடுவில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. எஞ்சினியருக்கு அவர் சொன்னது விளங்கவில்லை, ஆனால் என்னை ஏசுகிறார் என்பது விளங்கிவிட்டது. அவர் காக்காவைப் பார்த்துத் தமிழில், தெரிந்த இரண்டு சொல்லைச் சேர்த்து, "அக்கா நல்லா கேட்டது" என்றார்.

காக்கா அவரைக் கவனிக்கவில்லை. அணையின் கல் சரிவில் இறங்கத் தொடங்கினார். நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்தவர். நான் கூப்பிட்டேன், அவர் நிற்கவில்லை. வீரமுனைக்காரர் பின்னால் இறங்கிப் போனார். தண்ணீர் ஓரத்துக்குப் போய்ச் சேர அவர்களுக்குக் கனநேரம் எடுத்தது. காக்கா அங்கே குந்திக் கை கால் கழுவி உளூச் செய்தார். பிறகு அந்தச் சேற்று மண்ணிலேயே மத்தியானத்து லுஹர் தொழுதார். வீரமுனைக்காரர் பக்கத்தில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து அவருடைய செருப்புகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மேலே நின்ற நான், எனக்குத் தெரிந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். பள்ளத்தாக்கின் அடி எப்படி இருக்கும், ஓரங்கள் எவ்வளவு ஆழமில்லாதவை, மட்டம் ஒரு முழம் இறங்கினால் பரப்பு எவ்வளவு சுருங்கும். எஞ்சினியர் சொன்னது சரி என்று எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றவர்கள் கோபப்படலாம், பொய் சொல்கிறான் என்று நினைத்து மனதை ஆற்றிக்கொள்ளலாம். எனக்கு அதுவும் இல்லை.

காக்கா திரும்பி ஏறி வந்ததும், ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்ததால், ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரையத் தொடங்கினேன். "இஞ்ச பாருங்க காக்கா. இது மலை, இது மலை. நடுவில ஆத்துப் பள்ளம். தண்ணி இப்ப இந்தப் பள்ளத்திலதான் நிக்குது..."

அவர் நின்று பார்த்தார். பொறுமையாகத்தான் பார்த்தார். பிறகு, "எனக்கு விளங்குது புள்ள" என்றார். "விளங்கி நான் என்ன செய்யிற?"

மதினி கட்டித்தந்த சாப்பாட்டை ஒருவரும் சாப்பிடவில்லை. எஞ்சினியர் எல்லோருக்கும் தேத்தண்ணி வரவழைத்தார். என்னுடைய தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேலே மழை விழுந்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன் என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடற்கரை மைதானத்தில் மழை கேட்டுத் தொழுகை நடத்தினார்கள். வீரமுனைக் கோயிலிலும் பொங்கல் வைத்தார்கள். பாண்டிருப்பிலிருந்து வரும் என் சக ஆசிரியை, தன் அம்மாவும் நேர்ந்திருப்பதாகச் சொன்னார். கச்சான் மட்டும் நிற்கவில்லை.

கதிர் வந்தது. வெள்ளையாக வந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் வட்டை முழுக்கப் பூத்திருப்பது போல இருந்தது. காக்கா ஒரு கதிரைப் பறித்துக்கொண்டு வந்து என் கையில் தந்தார். அதற்குப் பாரமே இல்லை. நெல்லை நசுக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

வட்டையில் ஒருவரும் அவரை ஏசவில்லை. பழையபடிதான் ஸலாம் சொன்னார்கள், தேநீர்க்கடையில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கூட்டத்தில் அவர் சொன்ன சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. அவரால் அதைத்தான் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். ஒரு நாள் வீரமுனைக்காரரிடம் அவரே போய், "நீ அண்டைக்குச் சொன்னா. நான் கேக்கல்ல. ஏசு" என்றாராம். அவர், "என்னத்த காக்கா ஏசுற? நானும்தானே கை தூக்கின நான்" என்றாராம்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் காக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் சின்ன மகள் முற்றத்தில் ஸ்கூட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயிலிருந்து தண்ணீர் சோவென்று கொட்டி, வாசல் வழியாக ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. காக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு போய்க் குழாயை மூடினார்.

"ஏன் மாமா?" என்றாள் மகள்.

அவர் அங்கிருந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணால், சும்மா இரு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர், "குடிக்கத் தண்ணி தாங்க மகள்" என்றார். அவள் பெரிய கிளாஸில் கொண்டு வந்தாள். ஒரு சொட்டும் விடாமல் குடித்து முடித்து, கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். எதற்கு வந்தார் என்று எனக்குத் தெரியாது.

மாடு வைத்திருப்பவர்கள் வந்து கேட்டார்கள். மேய்ச்சல் தரையும் காய்ந்திருந்தது, மாடுகள் எலும்பாக நின்றன. பதர் நெல்லானாலும் தோகையில் பச்சை இருந்தது. காக்கா விட்டுக்கொடுத்தார். அன்று நானும் வட்டைக்குப் போயிருந்தேன். வேலிக் கம்பியை அவரே அவிழ்த்தார். மாடுகள் முதலில் தயங்கின. நெல்லுக்குள் இறங்கினால் அடி விழும் என்றுதான் அவற்றுக்குப் பழக்கம். காக்கா ஒன்றின் முதுகில் தட்டி, "போ, போய்த் தின்னு" என்றார். ஒன்று இறங்கியதும் எல்லாம் இறங்கின. பிறகு அந்தத் தின்னும் சத்தம் மட்டும் கேட்டது. காக்கா வரம்பில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். நான் வாங்க போவம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

அதற்குச் சில நாட்கள் கழித்து, நான் காக்கா வீட்டில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. எஞ்சினியர். அவர் கத்திக்கொண்டிருந்தார். அம்மாவின் ஊரில் மழை, காலையிலிருந்து மழை, மலையிலிருந்து ஆறு சிவப்பாக இறங்குகிறதாம், ராத்திரிக்குள் குளத்துக்கு வந்துவிடுமாம். கடைசி வட்டைக்குத் தண்ணீர் விடுவது பற்றி மேலிடத்தில் தானே பேசுவதாகச் சொன்னார். "காக்காவிடம் சொல்லுங்கள் மிஸ், காக்காவிடம் சொல்லுங்கள்" என்றார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு காக்காவிடம் சொன்னேன். அவர் கையை நீட்டினார். கொடுத்தேன்.

"ஓம் சேர்" என்றார். அந்தப் பக்கம் சிங்களத்தில் வேகமாக ஏதோ கேட்டது. "ஓம் சேர். நல்லம். ஓம். உம்மாவுக்கு எங்கட ஸலாத்தச் செல்லுங்க." மறுபடியும் சத்தம். "ஓம், ஓம்."

என்னிடம் திருப்பித் தந்தார். "மாடு தின்னத்தச் செல்லாத" என்றார். "நல்ல பிள்ள. சந்தோசமாக் கதைக்கிறான்."

நான் சொல்லவில்லை. நன்றி என்று மட்டும் சொல்லி வைத்தேன். மதினி அடுப்படிக்குப் போய் அழுதார்.

மாரிக்கு விதைக்கும் பெரும்போகக் கூட்டத்துக்குக் காக்கா போகவில்லை. தலைவர் வேலையை விட்டுவிட்டார். வீரமுனைக்காரர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார், இரண்டு தரம் வந்தார். காக்கா நல்ல முகத்தோடு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். காணியை என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, "நீ பாத்துக்க" என்றார். எனக்கு விதைக்கத் தெரியாது. இரண்டு பங்கையும் வீரமுனைக்காரரே செய்யட்டும் என்று கொடுத்தேன். காக்கா இப்போது மருமகனின் இரும்புக்கடையில் போய் உட்கார்கிறார். ஆணி நிறுத்துக் கொடுக்கிறார். வந்தவர்களோடு சிரித்துக் கதைக்கிறார். உடம்பும் பரவாயில்லை. பிள்ளைகள் இதுதான் நல்லது என்கிறார்கள்.

மாரி மழை அந்த முறை அளவாகப் பெய்தது. குளம் நிரம்புகிறது என்று பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த காக்காவிடம், "வட்டைப் பக்கம் போய் வருவமா?" என்று கேட்டேன். அவர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். வந்தார். என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீரமுனைக்குத் திரும்பும் ரோட்டில் நிறுத்தினேன். வாய்க்கால் நிறைய ஓடியது. எங்கள் காணி நல்ல கரும்பச்சையாக நின்றது. வீரமுனைக்காரர் நடுவில் நின்று எங்களைக் கண்டு, சேற்றுக் கையை உயர்த்தி, "காக்கா, வாங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார்.

காக்கா இறங்கி ரோட்டு ஓரத்தில் நின்றார். வரம்பில் கால் வைக்கவில்லை.

"இல்ல தம்பி, சேறு படும்" என்றார். "இதில நிண்டு பாக்கன்."

வாழ்நாள் முழுதும் அந்தச் சேற்றில் நின்றவர். வீரமுனைக்காரர் உயர்த்திய கையை இறக்கி, குனிந்து வேலையைத் தொடர்ந்தார். நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு காக்கா, சந்தை மூடுவதற்குள் போனால் மதினிக்கு மீன் வாங்கலாம் என்றார். ஸ்கூட்டியைத் திருப்பினேன்.